முறுக்குக் கால் மேசை: மும்பையில் எங்கே பார்த்தீர்கள், அடியில் என்ன இருந்தது?

மாட்டுங்கா கணக்கர்

கால்கள் மட்டும் கயிறு திரித்ததுபோல் முறுக்கியிருக்கும் பழைய சின்ன மேசைகளைச் சொல்கிறேன். சோபாவுக்குப் பக்கத்தில் போட்டு விளக்கு, பேப்பர், காபி டம்ளர் வைக்கிற உயரம். பார்சி வீட்டுக் கூடம், ஃபோர்ட் பக்கத்துப் பழைய வக்கீல் ஆபீஸ், சோர் பஜார் மட்டன் தெரு, ஜோகேஸ்வரி ஓஷிவாரா என்று இந்த ஊரில் எங்கெங்கோ தட்டுப்படுகின்றன. பார்த்தவர்கள், வாங்கியவர்கள் எழுதுங்கள். ஒரே வேண்டுகோள்: "சூப்பர் பீஸ்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். கவிழ்த்துப் பார்த்தீர்களா, அடியில் என்ன இருந்தது, அதைச் சொல்லுங்கள். என் கட்சி இதுதான்: இங்கே கிடைப்பவற்றில் கால் பழையதாக இருக்கும், மேசை பழையதாக இருக்காது.

நானே ஆரம்பிக்கிறேன். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் பார்சி காலனியில் தரைத் தளத்தில் ஒரு பாட்டி இருந்தார். அவருடைய வருமானவரிக் கணக்கை நான்தான் பார்த்துவந்தேன். மகனோடு புனேவுக்குப் போக வீட்டைக் காலி செய்தபோது, "டிக்ரா (மகனே), இதை நீ எடுத்துக்கொள், விலையையும் நீயே போடு" என்று ஒரு வட்ட மேசையைக் காட்டினார். ஓக் மரம், மூன்று முறுக்குக் கால். 1947ல் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சாமான் ஏலத்தில் மாமனார் எடுத்ததாம்.

கவிழ்த்தேன். மேல் பலகையைப் பிடித்திருந்தவை எல்லாம் ஸ்டார் ஸ்க்ரூ, தலையில் கூட்டல் குறி போட்டது. அந்த வகை ஸ்க்ரூ அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்ததே 1930களின் நடுவில்தான். நம் பட்டறைகளுக்கு வர இன்னும் எத்தனையோ காலம் பிடித்தது. கதையும் ஸ்க்ரூவும் ஒத்துப்போகவில்லை. கேட்டதும் பாட்டி சிரித்துவிட்டார். 2005 ஜூலை 26 மழையில், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்று வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மேசை குப்புற மிதந்திருக்கிறது. பலகை வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டியது என்பதால் ஊறி உரிந்துவிட்டது. கால் முழு மரம், தாங்கிக்கொண்டது. தச்சரை வைத்துப் புதுப் பலகை போட்டிருக்கிறார். அதற்குத் தகுந்த விலையைப் போட்டு எடுத்து வந்தேன். பாட்டி பொய் சொல்லவில்லை. மாமனார் கதை கால்களுடையது, அவ்வளவுதான்.

தாராவி கடைசல்

கணக்கர் சார், உங்கள் கட்சிக்கு ஒரு ஓட்டு. ஆனால் கால் மட்டும் எப்போதும் நிஜம் என்று நம்பிவிடாதீர்கள்.

எங்கப்பா 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். கட்டில் கால், தொட்டில் கட்டை, சாமி மண்டபத் தூண் எல்லாம் கடைவார். முறுக்குக் கால் ஆர்டர் வந்தால் மட்டும் முகம் சுருங்கும். காரணம், அதில் மெஷினுக்கு வேலை கொஞ்சம்தான். கட்டையை உருளையாக்கித் தருவதோடு மெஷின் சரி. அப்புறம் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். கட்டை இரண்டு முனையிலும் பிடிபட்டு அப்படியே நிற்கும். சுற்றளவை நாலாகப் பிரித்து நீளவாக்கில் கோடு போடுவார். குறுக்கே சம இடைவெளியில் வளையம் வளையமாகக் கோடு. ஒரு காகிதப் பட்டையைச் சாய்வாகச் சுற்றி, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்தால் முறுக்கு போகும் வழி தெரியும். அந்த வழியே ரம்பத்தால் ஒரே ஆழத்துக்கு அறுத்துக்கொண்டே போக வேண்டும். கட்டையை ஒரு கை உருட்டும், மறு கை அறுக்கும். ஆழம் தப்பிவிடாமல் இருக்க ரம்பத் தகட்டில் ஒரு அடையாளம் ஒட்டிக்கொள்வார். பிறகு குழி உளி, உருண்டை அரம், கடைசியில் உப்புத்தாளை நாடாவாகக் கிழித்துப் பள்ளத்துக்குள் இழுத்து இழுத்துத் தேய்ப்பது. தேய்க்கிற வேலை என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான்.

இரண்டு இழை தனித்தனியாகப் பிரிந்து நடுவில் வெளிச்சம் தெரியும் கால் இருக்கிறதே, அது இன்னும் கஷ்டம். முதலில் குறுக்கே துளைகள் போட்டு, அப்புறம் துளைகளைச் செதுக்கிச் செதுக்கி ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். ஒரு இடத்தில் மர ரேகை குறுக்காக ஓடினால் போச்சு, கடைசி நேரத்தில் பட்டென்று முறியும். பழைய மேசை வாங்குகிறவர்கள் அந்த இழைகளை விரலால் தட்டிப் பாருங்கள். முறிந்து ஒட்டிய இழையின் சத்தம் மொத்தையாக இருக்கும்.

இப்போது இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் தூங்கி எழுவதற்குள் செய்துவிடுகிறது. ஜோத்பூரில் மாமரத்திலும் ஷீஷத்திலும் செய்து லாரி லாரியாக வருகிறது. அதைக் கருப்படித்து, சங்கிலியால் அடித்து வடு ஏற்றி, "நூறு வருஷம்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலைப் பள்ளத்தில் வைத்து மேலிருந்து கீழே ஓட்டுங்கள். கை வேலையில் பள்ளம் ஒரு இடத்தில் கொஞ்சம் அகலும், ஒரு இடத்தில் ஒடுங்கும். மெஷினில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது.

செம்பூர் விஜி

என் அனுபவம் சோர் பஜார். வெள்ளிக்கிழமை மட்டன் தெருக் கடைகள் மூடியிருக்கும், அன்று விடியற்காலையில் தெருவில் கொட்டி விற்கிற சந்தை மட்டும்தான். அதனால் வியாழக்கிழமையே அத்திம்பேரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. விலை கேட்கிற இடத்தில் "ரொம்ப நன்னா இருக்கே" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டாயிரம் ஏறும்.

கடைக்குள் ஒரு சதுர மேசை. நாலும் முறுக்குக் கால், நல்ல கனம், ஈட்டி மரம். "பாம்பே ப்ளாக்வுட், விக்டோரியன்" என்றார் கடைக்காரச் சாச்சா. ஈட்டி மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய சாமான்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் பேர் போனது என்பது உண்மை, அதனால் அந்தப் பெயரைக் கேட்டதும் சட்டென்று தள்ளிவிட முடியவில்லை. ஆனால் கால்களைப் பார்த்தால் ஏதோ இடித்தது. மேலே சட்டத்தில் சேருகிற இடத்தில் முறுக்கு பாதிச் சுற்றிலேயே வெட்டுப்பட்டு நின்றது. ஒழுங்கான மேசையில் முறுக்கு முடிந்து, ஒரு வளையம் வந்து, அதற்கு மேல் சதுரக் கட்டை இருக்கும், அந்தக் கட்டையில்தான் சட்டம் பொருந்தும். இங்கே கட்டையே இல்லை. போதாததற்கு ஒவ்வொரு காலிலும் ஒரே உயரத்தில் வட்டமாக ஒரு மர அடைப்பு.

"சாச்சா, இது என்ன ஓட்டை?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொசுவலைக் கம்பி மாட்டினது" என்றார். அவ்வளவுதான், பூனை வெளியே வந்துவிட்டது. பைகுலா பக்கம் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்த பந்தல் கட்டில். நாலு தூணையும் வெட்டி இரண்டு மேசைக்குக் கால் ஆக்கியிருக்கிறார். அவருக்குக் கூச்சமே இல்லை. "கட்டிலாக இருந்தால் யார் வாங்குவார்கள்? எந்த ஃப்ளாட்டில் நுழையும்? விறகாகப் போயிருக்கும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 14,000 சொன்னவர் 6,500க்கு இறங்கினார். வாங்கிவிட்டேன். விக்டோரியன் மேசை என்று கொடுக்க மாட்டேன், அழகான கட்டில் காலுக்கு அந்த விலை கொடுக்கலாம். அத்திம்பேர் டாக்ஸியில் ஏறிய பிறகுதான் பேசினார்: இன்னும் ஐந்நூறு குறைத்திருக்கலாமாம்.

டோம்பிவிலி ரகு

எல்லோரும் பழசு பழசு என்கிறீர்கள். நான் ஓஷிவாராவில் புதுசு என்று தெரிந்தே வாங்கினேன். மாமரம், மெஷின் கால், மெலமைன் பாலிஷ். பூச்சி இல்லை, ஆட்டம் இல்லை, மேலே சூடான டம்ளர் வைத்தால் யாரும் அலறுவதில்லை.

முலுண்ட் சரித்திர டீச்சர்

ரகு தம்பி, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறுக்குக் காலுக்கும் மும்பைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 1661 ஒப்பந்தப்படி போர்ச்சுகல் இளவரசி கேத்தரின் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்கு நிச்சயிக்கப்பட்டபோது, சீர்வரிசையில் ஒன்றாகப் போனது பம்பாய். அரசர் அதை 1668ல் வருஷத்துக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். இங்கிலாந்தில் முறுக்குக் கால் நாற்காலியும் மேசையும் பரவியதும் 1660க்குப் பிந்தைய அதே காலத்தில்தான். போர்ச்சுகலிலும் ஹாலந்திலும் அதற்கு முன்பே அந்த மோகம் இருந்தது.

இன்னொன்று நம் பக்கத்துச் செய்தி. அதே 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கருங்காலியில் முறுக்குக் கடைசலும் செதுக்கு வேலையுமாக நாற்காலிகள் செய்து ஐரோப்பியர்களுக்கு விற்றார்கள். (இப்போது எல்லோர் கழுத்திலும் தொங்குகிறதே, மாலையாக, அதே பெயர் கொண்ட மரம்தான். கழுத்தில் தொங்குவதெல்லாம் கருங்காலியா என்பது வேறு வழக்கு.) நூறு வருஷம் கழித்து ஹொரேஸ் வால்போல் என்கிற ஆங்கிலேயப் பிரபு அந்த நாற்காலிகளைப் பார்த்து, இவை ட்யூடர் அரசர்கள் காலத்து இங்கிலாந்து சாமான் என்று முடிவு கட்டி, ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். பிற்பாடு இங்கிலாந்தில் பலரும் அவரை நம்பினார்கள். ஆகவே சோர் பஜார் சாச்சாவை ரொம்பக் கோபிக்க வேண்டாம். ஊரும் காலமும் மாறி விலைபோவது இந்தக் கால்களுக்குப் புதிதல்ல.

1920, 30களில் இங்கிலாந்தில் அந்தப் பழைய பாணி மறுபடி ஓடியது. மெஷினில் கடைந்த ஓக் மேசைகள் ஏராளமாக வந்தன. கணக்கர் சாருடையது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

மாட்டுங்கா கணக்கர்

இருக்கலாம் டீச்சர். மூன்று காலிலும் முறுக்கு ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. நல்ல கை வேலையில் இடது காலும் வலது காலும் எதிரெதிராகச் சுற்றும் என்பார்கள்.

தாராவி கடைசல்

சார், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்று காலில் எதை எதற்கு எதிராக வைப்பது? நாலு காலிலும் எதிரெதிர் முறுக்குக்குத் தனிக் கூலி, பணம் கொடுக்காதவனுக்கு எல்லாம் ஒரே பக்கம்தான். அப்பாவே அப்படிச் செய்திருக்கிறார்.

அதேபோல் ஸ்பிரிட் சோதனை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் தேய்த்தால் பழைய காலத்து அரக்குப் பாலிஷ் பிசுபிசுத்து பஞ்சில் பழுப்பாக ஏறும், இந்தக் காலத்து மெலமைன் பாலிஷும் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷும் அசையாது. சரி, ஆனால் இன்றைக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷ் போடுகிற ஆட்கள் மும்பையில் இருக்கிறார்கள். போன மாதம் போட்டதும் பிசுபிசுக்கும். எனக்கு நம்பிக்கை உள்ளது அளவு டேப் ஒன்றில்தான். முழு மரத்தில் செய்த பழைய வட்டப் பலகை காலப்போக்கில் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் சுருங்காது. இரண்டு பக்கமும் அளந்தால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வர வேண்டும். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு என்றால் நான் சந்தேகப்படுவேன்.

வாஷி மீனாட்சி

வணக்கம். எங்கள் மாமியார் வைத்திருந்த முறுக்குக் கால் மேசை ஒன்று இருக்கிறது. ஈட்டி மரம், 1900 வாக்கில் என்று வீட்டில் பேச்சு. நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் கேட்கிறாள். பேக்கர்ஸ் வைத்து அனுப்பலாமா? இன்னொன்று, ஒரு காலுக்கு அடியில் மாவு மாதிரி தூள் விழுகிறது.

மாட்டுங்கா கணக்கர்

அனுப்ப முடியாது அம்மா. 1972ல் வந்த பழம்பொருள் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருள், கைவினைப்பொருள் எதையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்த வயது ஆகவில்லை என்றால் தொல்லியல் துறையிடம் "இது பழம்பொருள் அல்ல" என்று சான்றிதழ் வாங்கலாம். ஆனால் வீட்டில் நீங்களே 1900 என்கிறீர்கள். டீச்சர் சொன்ன 1920களின் மேசைகளும் ஒவ்வொன்றாக இப்போது நூறைத் தொடுகின்றன, அவற்றுக்கும் இதே கதிதான். போதாததற்கு ஈட்டி மர வகை முழுவதும் 2017லிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பேக்கர்ஸ் "பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் நம்பாதீர்கள், மாட்டினால் பெயர் உங்களுடையது.

தாராவி கடைசல்

தூளுக்கு நான் சொல்கிறேன் அக்கா. காலுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விடுங்கள். தூள் மறுபடி விழுந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது, இல்லாவிட்டால் பழைய துளையிலிருந்து உதிர்கிறது. உயிரோடு இருந்தால் மேசையை மற்ற மரச் சாமான்களிலிருந்து தள்ளி பால்கனியில் வைத்துவிட்டு, பூச்சி மருந்தை ஊசி சிரிஞ்சில் ஒவ்வொரு துளையிலும் இறக்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு, கதவு ஜன்னல் திறந்து வைத்து. ஈட்டியில் வைரப் பகுதியை (நடுவில் உள்ள கெட்டியான கறுத்த மரம்) வண்டு அவ்வளவாகத் தொடாது, வெளிறிய ஓரத்தில்தான் துளை இருக்கும், அங்கே தேடுங்கள்.

கால் ஆடினால் ஃபெவிகாலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பழைய இணைப்பில் வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) இருக்கும், அதன் மேல் ஃபெவிகால் பிடிக்காது. வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால் வஜ்ஜிரம் இளகும், பிரித்துச் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம்தான் ஒட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், பள்ளமெல்லாம் தூசி அப்பிக்கொள்ளும். பழைய வேட்டியை நாடாவாகக் கிழித்து முறுக்கோடு சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். பிரஷ் போகாத இடத்துக்கெல்லாம் அது போகும்.