வீட்டில் உள்ள தஞ்சாவூர்ப் படம், ஓலைச்சுவடி: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் வீட்டுத் தஞ்சாவூர்ப் படம் பாட்டி கல்யாணத்தில் சீதனமாக வந்தது. வெண்ணெய்த்தாழி கிருஷ்ணன். எப்போதும் பூஜை அறையில்தான் மாட்டியிருந்தது. கற்பூரப் புகையும் விளக்குப் புகையும் படிந்து கண்ணாடி பழுப்பேறும். வெள்ளிக்கிழமை தவறாமல் பெரியம்மா அதை ஈரத்துணியால் பளிச்சென்று துடைப்பார். வழியும் தண்ணீர் சட்டத்தின் கீழ் விளிம்பில் தேங்கி உள்ளே இறங்கும். இன்று கிருஷ்ணன் முகம் அப்படியே இருக்கிறது. காலடியில் மட்டும் பூச்சு உப்பி, தங்க ரேக்கு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆக, படத்துக்கு வந்த கேடு வயதால் வந்ததில்லை.

இந்தப் படங்களின் கட்டுமானமே அப்படி. மரப்பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, அதற்கும் மேலே சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு, பிறகுதான் கல்லும் ரேக்கும். ஈரப்பதம் ஏறினால் பலகை உப்பும், இறங்கினால் சுருங்கும். மேல்பூச்சுக்கு அந்த நெளிவு கிடையாது, வெடித்துவிடும். அதனால் ராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறையை விட, சுமாரான சூடு ஒரே மாதிரி இருக்கும் கூடமே மேல் என்பது என் கணிப்பு.

சட்டத்தைக் கழற்றியபோது பின் அட்டையை ராமபாணப் பூச்சி சல்லடையாக்கியிருந்தது. பசை இருக்கும் இடம் அதற்கு விருந்து. புதிய சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் உள்ளே சிறு கட்டை கொடுத்து இடைவெளி விடச் சொன்னேன். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டியதால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகிறது. குளியலறையை ஒட்டிய சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் இரண்டும் வேண்டவே வேண்டாம். கல் உதிர்ந்தால் உடனே ஃபெவிக்விக்கைத் தேடாதீர்கள். எந்த இடத்துக் கல் என்று எழுதி ஒரு உறையில் போட்டு வையுங்கள், விஷயம் தெரிந்தவர் கையால் ஒட்டிக்கொள்ளலாம்.

*

மேலே படத்தைப் பற்றி எழுதிய அக்கா சொன்ன வெள்ளிக்கிழமைக் கதை எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக் கதை. தாத்தா வழியில் வந்த வைத்தியச் சுவடிக்கு வருஷா வருஷம் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பார்கள். மேலே இருக்கும் நாலைந்து ஓலை அப்படியே ஒட்டிக்கொண்டன. சித்தப்பா கத்தி நுனியால் பிரிக்கப் போனார், நல்லவேளை பிடுங்கிவிட்டோம். அதைச் சுவடிப் பழக்கம் உள்ளவர்தான் பிரிக்க வேண்டும். பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கப்படி விட்டுவிடாமல் வைத்திருந்தார்களே, அதற்கே அவர்களைக் கும்பிட வேண்டும், அது வேறு விஷயம்!

மற்ற ஓலைகளை உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் லேசாகத் தொட்டுத் தடவினோம். ஓலை வளைந்து கொடுக்கும், பூச்சியும் அண்டாது. ஆனால் இது எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு மட்டும். மேலே மையால் எழுதியதோ படம் வரைந்ததோ இருந்தால் எண்ணெய் பக்கமே போகாதீர்கள், கையோடு வந்துவிடும்.

ரப்பர் பேண்டும் நைலான் கயிறும் வேண்டாம். ஒன்று உருகி ஒட்டும், இன்னொன்று துளையை அறுக்கும். பருத்தி நூல் போட்டு, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, இறுக்காமல் கட்டிப் பருத்தித் துணியில் பொதிந்து, கூட வசம்புத் துண்டு வைத்திருக்கிறோம். வசம்பின் வாசம் போனால் மாற்ற வேண்டும்.

கட்டைப் பிரிக்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். எங்கள் சுவடியில் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு எண் இருக்கிறது. அந்த ஓரம் ஒடிந்த ஏடுகளுக்கு வரிசை கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கீறலில் தடவிய மை போன ஓலையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறல் நிழலில் எழுத்து தெரியும்.

*

பழைய படத்தை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த ஓவியம் தொல்பொருள். சிறப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டே போதும். அவற்றைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. என் தங்கை படத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டியே விட்டாள், கடைசி நேரத்தில்தான் இது தெரிந்தது. வயது குறைவான படம்தான் என்றாலும் பார்க்கப் பழசாக இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பார்கள். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறை தருகிறது, அதை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தாத்தா கைப்பட எழுதிய கடிதம் எதையும் லேமினேட் செய்துவிடாதீர்கள். ஒருமுறை ஒட்டினால் காகிதம் கெடாமல் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரிப்பது மிகவும் கடினம்.