ஃபாண்டன்ட் ஃபேன்ஸி: மேல்பூச்சு மங்குது, கிரீம் குமிழ் வழுக்குது. உதவி தேவை

கேள்வி:
மிஸ்டர் கிப்ளிங் என்ற பிரிட்டிஷ் கேக் பிராண்டின் பெட்டியில் இளஞ்சிவப்பு, மஞ்சள், பிரவுன் நிறத்தில் வருமே, அந்த வகை குட்டி கேக். 20 செ.மீ. சதுர டின்னில் வெண்ணெய், சர்க்கரை, செல்ஃப் ரெய்ஸிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வருவது) தலா 225 கிராம், 4 முட்டை. ஓரம் சீவி 25 துண்டு. ஒவ்வொன்றின் மேலும் பட்டர்கிரீம் குமிழ். மேல்பூச்சுக்கான சர்க்கரைத் தூளான ஃபாண்டன்ட் ஐசிங் சுகர் 500 கிராமைக் கரைத்து, துண்டைத் தலைகீழாக முக்கினேன். குமிழ் பாத்திரத்திலேயே விழுந்துவிட்டது. பக்கவாட்டில் கேக் தூள் தெரியுது. மறுநாள் பளபளப்பு போய் வெள்ளைத் திட்டு.

பதில் 1:
சூடு எவ்வளவு வைத்தீர்கள்? ஃபாண்டன்ட் பத்தாமல் தண்ணீர் விட்டீர்களா?

கேள்வி கேட்டவர்:
சூடு அளக்கலை, ஆவி வந்தது. பாதியில் கெட்டியானதால் ரெண்டு தடவை வெந்நீர் விட்டுத் திரும்பச் சூடாக்கினேன்.

பதில் 1:
திட்டுக்குக் காரணம் அதுதான். ஃபாண்டன்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய சர்க்கரைப் படிகங்கள் பாகில் மிதக்கிற கலவை. பளபளப்பே அந்த நுண்மையால்தான். அதிகச் சூட்டிலும் கூடுதல் தண்ணீரிலும் அவை கரைந்து, ஆறும்போது பெரும்படிகமாகத் திரும்புது. உங்களுக்குத் தெரியிற வெள்ளை அதுதான். 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் போதும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். உதட்டுக்குக் கீழே தொட்டால் லேசாக வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இளக்க வேண்டுமென்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கொதிக்கவைத்து ஆற்றிய பாகு, ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன்.

500 கிராம் 25 துண்டுக்குப் போதவே போதாது. ஒரு கிலோ எடுங்கள். பாதிக்கு மேல் கீழே வழியும், அது இயல்பு.

பதில் 2:
முக்குவதை விட்டுவிடுங்கள். ஊற்றுவதே சரி. பட்டர்கிரீம் வெதுவெதுப்பான ஃபாண்டன்ட்டில் தலைகீழாக நின்றால் இளகத்தான் செய்யும். வடிகட்டிய ஏப்ரிகாட் ஜாமைச் சூடாக்கி மேலே தடவி, 2 மி.மீ. தடிமனில் மார்சிபான் (பாதாம், சர்க்கரை சேர்த்துப் பிசைந்த தாள்) ஒட்டி, அதன்பிறகு வெட்டுங்கள். பக்கங்களில் பட்டர்கிரீமை மெல்லிசாகத் தேய்த்தால் தூள் அடங்கும், ஃபாண்டன்ட்டும் பிடிக்கும். பிறகு குமிழ். ஃப்ரிட்ஜில் 20 நிமிடம், விரலால் அழுத்தினால் குமிழ் அமுங்காத வரை.

பதில் 3:
ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைக்காதீர்கள். கேக் ரொம்பச் சில்லென்று இருந்தால் ஃபாண்டன்ட் வழியும் முன்னே தடிப்பாக உறையும். வெளியே வந்ததும் கேக் வியர்த்து மேலே ஈரப்புள்ளி விழும், பூச்சு பிசுபிசுக்கும்.

ஊற்றும்போது: கம்பித் தட்டு, கீழே ட்ரே. குமிழின் உச்சியிலிருந்து ஒரே ஊற்றாக, நாலு ஓரமும் மூடுகிற அளவு. ஃபாண்டன்ட் படாமல் விட்ட இடத்தைக் கரண்டியால் தேய்க்காதீர்கள், தடம் விழும். தட்டை மேசையில் ரெண்டு தட்டு தட்டினால் தானே சமமாகும். பதம் பார்க்க, கரண்டியின் பின்புறத்தில் தோய்த்தால் அடி தெரியாமல் மூடி, ஓரத்தில் மெதுவாகச் சொட்டணும். கிளறும்போது விஸ்க் வேண்டாம், காற்று புகுந்து ஊசித்துளையாக நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
சாதாரண ஐசிங் சுகர் போதுமா? காகிதக் கப்பில் எப்போது வைக்கணும்?

பதில் 1:
போதாது. ஃபாண்டன்ட் ஐசிங் சுகரில் உலர்ந்த குளுக்கோஸ் சேர்ந்திருக்கும், அதனால்தான் காய்ந்த பிறகும் பூச்சு மெத்தென்று இருக்கும். சாதாரணத்தில் விரைத்து, கடித்தால் உடையும்.

பதில் 2:
தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், ஈரக் கத்தியால் அடியில் வழிந்து உறைந்த ஃபாண்டன்ட்டை அறுத்துக் கப்பில் வையுங்கள். காய்வதற்குள் தூக்கினால் ஓரம் விரிசல் விடும். ட்ரேயில் வழிந்ததை வழித்து, தூளை வடிகட்டி, மேற்பரப்பைத் தொடும்படி கிளிங் ஃபிலிம் ஒட்டி மூடினால் அடுத்த தடவைக்கு ஆகும்.