‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவோம்: சர்க்கரை நோய் அனுபவங்கள்

அம்மா இன்சுலின் பேனாவுக்கு மாறி எட்டு மாதம். ஒரு வேளை தவறியதில்லை. ஆனாலும் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவே இல்லை. டாக்டரிடம் போகும்போதெல்லாம் "மறைச்சு மறைச்சு ஏதோ சாப்பிடுறீங்க" என்று திட்டு. அளவு 14 யூனிட்டிலிருந்து 18 ஆனது, அப்புறம் 24. வீட்டில் நானும் சந்தேகப்பட்டு டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தபோது, அங்கே இருந்தவர்கள் அதே 24 யூனிட்டைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சர்க்கரை 48. அதற்குப் பிறகுதான் ஒரு செவிலியர், "வீட்டுல எப்படிப் போடுவீங்க, செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். அம்மா ஊசியைப் பேனாவில் திருகினார், பெரிய மூடியைக் கழற்றினார், வயிற்றில் வைத்து அழுத்தினார். ஊசிமேல் இருந்த சின்ன உள்மூடி அப்படியே இருந்தது. இத்தனை நாளும் மருந்து அதற்குள்ளேயே வழிந்திருக்கிறது.

குத்தவே இல்லையே, அது தெரியவில்லையா என்று கேட்டேன். "இந்த ஊசி வலிக்கவே வலிக்காதுன்னு சொன்னாங்களே" என்றார்.

முதல் நாள் கற்றுக்கொடுத்தவர்கள் காட்டியது உள்மூடியே இல்லாத பாதுகாப்பு ஊசியாம். நாங்கள் வாங்கியது வேறு வகை. அம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறார்.

*

நான் செவிலியர். உங்கள் அம்மா கதையைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் "சொன்னதைக் கேட்பதில்லை" என்று நோட்டில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

எங்களிடம் வந்த ஒரு ஐயாவுக்கு 40 யூனிட் இன்சுலின் குப்பி, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். சிரிஞ்ச் தீர்ந்துபோய் யாரோ கொடுத்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்திருக்கிறார். அது ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது அவருடைய மருந்தில் வெறும் 8 யூனிட். இதாவது குறைவாகப் போனது. 100 யூனிட் மருந்தை, 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்திருந்தால் 50 யூனிட் ஏறியிருக்கும், ஆளே போயிருப்பார். அட்டையில் எல்லாம் அச்சடித்துத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கச் சொன்ன மூன்று முறையும் ஐயா "கண்ணாடி கொண்டுவரலை" என்றார். எழுதப் படிக்கத் தெரியாது என்பதை அப்படித்தான் சொன்னார் என்று மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து ‘புரிஞ்சுதா’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்பேன். தப்பு என் பக்கம் இருக்கலாம் என்று சொன்னால்தான் தயங்காமல் காட்டுகிறார்கள். கூடுதலாக நான்கு நிமிடம் ஆகும். வரிசை நீளமான நாளில் அந்த நான்கு நிமிடத்துக்கு மேலிடத்தில் திட்டு வாங்கியதும் உண்டு.

*

என் கதை சின்னது. இரவு வேலை எனக்கு. மாத்திரை கிளிமிபிரைடு, சீட்டில் ‘காலை உணவுக்கு முன்’. காலையில் வேலை முடிந்து வந்து மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடுவேன், சாப்பாடு மதியம் எழுந்துதான். அந்த மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. என்ன வேலை, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்கவும் இல்லை.

ஒரு நாள் சட்டையெல்லாம் நனைந்து எழுந்தேன். 54. பக்கத்திலேயே சர்க்கரை டப்பா இருந்தும் தொடவில்லை. இனிப்பே ஆகாது என்று அத்தனை தடவை சொல்லியிருந்தார்களே! 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை சாப்பிட வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. பக்கத்து அறைக்காரர் சர்க்கரையைக் கரைத்து என் வாயில் ஊற்றியதால் இதை எழுதுகிறேன்.

(அப்படி மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாதாம், மூச்சுக்குழாயில் போய்விடும். எனக்கு விழுங்கும் அளவு நினைவு இருந்தது.)

*

எங்கள் வீட்டில் யாருக்கும் டாக்டரின் மொழி தெரியாது. பன்னிரண்டு வயதில் நான்தான் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளன். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போவேன். பெருமையாகவும் இருக்கும்.

"இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டிவரும்" என்றார் டாக்டர். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "காலை நல்லாப் பார்த்துக்கச் சொல்றாங்கப்பா" என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். டாக்டர் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும், குரலை உயர்த்தினார். அதையும் நான் சொல்லவில்லை.

பிறகு அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நூல் மாதிரி ஒரு நைலான் நூலால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தொட்டதும் சொல்ல வேண்டும். கட்டைவிரல் அடியில் நூல் வில்லாக வளைந்தது, குதிகாலிலும் வளைந்தது. கண்ணைத் திறக்காமலே அப்பா கேட்டார், "இன்னும் ஆரம்பிக்கலையாப்பா?"