ஜியோகேஷிங்ல கேஷ், அதாவது யாரோ ஒளிச்சு வச்ச டப்பாவை, ஜிபிஎஸ் வச்சுத் தேடப் போன இடத்துல யாரையாவது சந்திச்சு, அது இன்னும் மனசுல நிக்குதா? இங்க எழுதுங்க

ஊர்சுத்தி

நானே ஆரம்பிக்கிறேன். போன அக்டோபர், எடேல் ஸ்டேஷன்ல இறங்கி ஹோப் பக்கம் நடக்குற ரூட்டு, இங்கிலாந்துல பீக் டிஸ்ட்ரிக்ட் போனவங்களுக்குத் தெரியும், வழி நெடுக சின்னச் சின்ன கேஷா ஒரு சீரீஸ் இருக்கும். ஒரு ஸ்டைல், சுவரைத் தாண்ட வச்சிருக்குற படி, அதைத் தாண்டினதும் ஹாத்தோர்ன் மரம், அதை ஒட்டி டிரை ஸ்டோன் சுவர். ஹிண்ட்ல "சுவர்ல இல்லை, வேர்ல தேடுங்க"ன்னு தெளிவா போட்டிருக்கு. ஆனா நான் போறப்ப அந்தச் சுவர்ல ஒரு பாகம் சரிஞ்சு கிடக்கு, ஒரு பெரியவர் முட்டி போட்டு உக்காந்து கல் அடுக்கிட்டு இருக்கார். என் கையில ஃபோனைப் பாத்ததும் "நீயும் அந்த டப்பாவுக்குத்தானா"ன்னு கேட்டார். ஆமான்னேன்.

கோவமா எல்லாம் பேசல, அதுதான் விஷயம். பக்கத்துல வான்னு கூப்பிட்டு சுவரோட உள்பக்கத்தைக் காட்டினார். நாம வெளியில பாக்குறது ரெண்டு முகம், ரெண்டும் லேசா உள்பக்கம் சாஞ்சு நிக்குது, நடுவுல பொடிக்கல்லா நெரிச்சு அடைச்சிருக்கு, அங்கங்க ஒரு நீளக் கல் இந்த முகத்துல இருந்து அந்த முகம் வரைக்கும் போய் ரெண்டையும் கட்டிப் பிடிக்குது. சிமெண்ட், சுண்ணாம்பு எதுவும் கிடையாது. யாராவது ஒரு கல்லை உருவிப் பாத்துட்டு திரும்ப சொருகிட்டுப் போனா வெளியில ஒண்ணும் தெரியாதாம், ஆனா உள்ள பொடிக்கல் இறங்கிடும், குளிர்காலம் வந்தா வயிறு தள்ளும், அப்புறம் ஒரு நாள் மொத்தமா சரியும், ஆடெல்லாம் அடுத்தவன் வயலுக்குப் போயிடும்னார். பேசிட்டே ஒரு கல்லை எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பாத்து, அது உக்கார்ற இடம் கிடைக்குற வரைக்கும் கீழ வைக்கவே இல்ல. அவர் விரல் நுனி எல்லாம் வெடிச்சு வெள்ளையா இருந்துச்சு.

அப்புறம் கோட்டுப் பையில இருந்து அந்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். கண்டுபிடிச்சவங்க பேர் எழுதுற லாக் புக்கை முழுசாப் படிச்சிருக்கார்! ஒரு பக்கத்துல யாரோ ஒரு குழந்தை செம்மறி ஆடு வரைஞ்சிருக்கு, அதைக் காட்டி "இதுனாலதான் தூக்கிப் போடல, இதை எங்க வைக்கட்டும் நீயே சொல்லு"ன்னார்.

நான் சைன் பண்ணிட்டு வேர்லயே வச்சேன். ஓனருக்கும் எழுதினேன், அவங்க கேஷை ஆர்க்கைவ் பண்ணிட்டாங்க, அதாவது லிஸ்ட்ல இருந்தே எடுத்துட்டாங்க. ஆனா அந்தப் பெரியவர் எடுக்கச் சொல்லலையே, எங்க வைக்கட்டும்னுதானே கேட்டார்? அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்கணும்னு இப்பவும் யோசிக்கிறேன்.

மழைக்கோட்டு

நல்ல பதிவு ஆனா ஒரு விஷயம் ஒத்துக்க முடியல. சுவர் சரிஞ்சா உடனே கேஷர்தான்னு எப்படி? கேட் இருக்குற இடத்துல கூட சுவர் மேல ஏறிக் குதிக்கிறவங்களை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், ஆடே ஏறும், மண்ணு இறங்கும், பனி உறையும். அது பப்ளிக் ஃபுட்பாத், மஞ்சள் அம்பு போட்டிருந்தா நடக்க நமக்கு உரிமை இருக்கு, அவர் தயவுல நடக்கல.

என் அனுபவம் சின்னது. சர்ரே ஹில்ஸ், பாக்ஸ் ஹில் பக்கம், ஏப்ரல் கடைசி, புளூபெல் பூத்த காட்டுக்குள்ள ஜிபிஎஸ் பத்து மீட்டருக்கு மேல ஆடுது. இலைக்கு அடியில அம்மோ கேன், பழைய தோட்டாப் பெட்டி, இருக்கும்னு நினைச்சு ஒவ்வொரு மரமா சுத்துறேன், பூவை மிதிக்காம போக பாதையே இல்ல. எதிர்ல ஒரு பொண்ணு நாயோட நின்னு என் காலையே பாக்குறா. ஒரு வார்த்தை பேசல. நான் அந்த இடத்தை விட்டு வந்துட்டேன், லாக்ல டிஎன்எஃப், கிடைக்கலன்னு, போட்டேன். புளூபெல் ஒரு தடவை நசுங்கினா திரும்ப வர வருஷக்கணக்கு ஆகும், அந்தப் பருவத்துல அந்த கேஷை ஓனரே டிசேபிள் பண்ணி, கொஞ்ச நாளைக்கு நிறுத்தி, வச்சிருக்கணும்.

டெவன்வாசி

மழைக்கோட்டு, உங்கட உரிமை அந்தப் பாதைக்கு மட்டும்தான், பாதையை விட்டு ரெண்டடி தள்ளி இருக்கிற சுவரில கை வைக்க இல்ல. ஜியோகேஷிங் அசோசியேஷன் ஒஃப் கிரேட் பிரிட்டன் கைட்லைன்லயே டிரை ஸ்டோன் சுவருக்க வைக்கப்படாது எண்டு இருக்கு. பூவுக்கு இவ்வளவு கவலைப்படுற நீங்கள் சுவருக்கும் படலாம்தானே.

நான் எக்ஸிட்டர். இஞ்ச டார்ட்மூர் மேட்டு நிலத்தில இந்த விளையாட்டு ஜிபிஎஸ் வர முந்தியே இருக்கு. 1854ல ஜேம்ஸ் பெரட் எண்ட வழிகாட்டி கிரான்மியர் பூலில ஒரு போத்தல் வச்சவர், நடந்து போறவை தங்கட விசிட்டிங் கார்டை அதுக்க போட்டுட்டு வருவினம். அதில இருந்து வளந்ததுதான் லெட்டர்பாக்ஸிங், ஒவ்வொரு பெட்டிக்கையும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், எங்கட நோட்புக்கில அதைக் குத்தி, எங்கட ஸ்டாம்பை அங்க இருக்கிற புத்தகத்தில குத்த வேணும். எங்கட ஜியோகேஷிங் தொடங்கினதே 2000 மே 3 அன்று, அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்புறதை நிப்பாட்டின அடுத்த நாள் ஓரிகன் காட்டில டேவ் உல்மர் ஒரு வாளியை வச்சதிலதான்.

நானும் மகளும் ஒரு டோருக்கு, குன்றின்ட உச்சிப் பாறைக்குக் கீழ கல்லுக் குவியலுக்க கேஷ் தேடிக்கொண்டு இருக்கிறம், அதே கல்லுக்க ஒரு வயசு போன அம்மா குனிஞ்சு தேடிக்கொண்டு இருக்கிறா. அவ தேடினது லெட்டர்பாக்ஸ். கையில ஃபோன் இல்ல, ஒரு பழைய கொம்பாஸும் துண்டுப் பேப்பரும். பேப்பரில மூண்டு டோரின்ட பேரும் டிகிரியும் இத்தனை அடி நடக்க வேணும் எண்டும் மட்டும்தான். மகளைக் கூப்பிட்டு கொம்பாஸைக் குடுத்து "உன்ர கண்ணால பார், அந்தத் தலை எங்க நிக்குது" எண்டா. அவவின்ட கை நடுங்கினபடியா ஊசி நிக்கேல்ல, பிள்ளை பிடிச்ச உடன நிண்டது. அவளேதான் பெட்டியைக் கண்டுபிடிச்சாள், கல்லுக்குக் கீழ ஒரு சின்ன மருந்துக் குப்பி, அதுக்க ஒரு பறவையின்ட ஸ்டாம்ப். அந்த அம்மா தன்ர மை பேட்டைத் திறந்து பிள்ளையின்ட உள்ளங்கையில குத்திவிட்டவ.

அதுக்குள்ள புகார், பனிமூட்டம், இறங்கிட்டுது. வாங்கோ எங்கட காரில கொண்டு போய் விடுறம் எண்டு எவ்வளவோ கேட்டன், தனக்கு வழி தெரியும் எண்டு கொம்பாஸைப் பாத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்திட்டா. பேர் கூட கேக்கேல்ல. நல்லபடியா வீட்டுக்குப் போயிருப்பாவோ எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன். மகள் ரப்பரை வெட்டி தனக்கு ஒரு ஸ்டாம்ப் செய்து வச்சிருக்கிறாள், இப்ப டார்ட்மூர் போனா அவளுக்கு லெட்டர்பாக்ஸ்தான் வேணும்.

பழைய வாத்தியார்

அந்த அம்மா தனியா புகார்ல போனது கேக்கவே பயமா இருக்கு. நான் சொல்றதும் அந்த மாதிரிதான். லேக் டிஸ்ட்ரிக்ட், கேட்பெல்ஸ் இறங்கி நியூலாண்ட்ஸ் பக்கம் வர்ற பாதை, பக்கத்து வீட்டுக்காரர் நாயைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். வயல் நடுவுல மாடுங்க, கன்னுக்குட்டியோட. நாயைப் பாத்ததும் எல்லாம் தலையைக் குனிஞ்சிட்டு வட்டமா கிட்ட வருது. நான் கயித்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன், அந்தப் பக்கம் குவாட் பைக்ல வந்த ஒரு அம்மா "விடு, நாயை விடு"ன்னு தொண்டை கிழியக் கத்துறாங்க. விட்டேன். நாய் ஒரே ஓட்டம், மாடுங்க அது பின்னாடி போச்சு, நாய் கேட்டுக்கு அடியில பூந்து தப்பிச்சது. நான் நின்ன இடத்துலயே நின்னேன்.

எல்லாரும் இதைக் கேட்டுக்கோங்க தம்பிகளா. நாயைக் கயித்துல வச்சிருங்க, ஆனா மாடு துரத்தினா விட்டுடுங்க, அதுக்கு வந்த கோவம் நாய் மேலதான். மார்ச் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் திறந்த மேட்டு நிலத்துல நாய் கயித்துலதான் இருக்கணும், பறவை தரையில கூடு கட்டும். டார்ட்மூர்ல கிரான்மியர் பூல் பக்கம் போறவங்க ராணுவம் சுடுற நாளைப் பாத்துட்டுப் போங்க, சிவப்புக் கொடி ஏத்தியிருந்தா உள்ள போகாதீங்க. பேப்பர் மேப் வேணும், ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர், 1:25,000 ஸ்கேல், அதுல சுவர், வேலி கூடத் தெரியும், ஃபோன் குளிர்ல சட்டுன்னு செத்துடும். மாட்டிக்கிட்டா விசிலை நிமிஷத்துக்கு 6 தடவை ஊதுங்க, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஊதுங்க. 999 அடிச்சா முதல்ல போலீஸ்னு கேளுங்க, அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூன்னு சொல்லுங்க, நேரா ஆம்புலன்ஸ் கேக்காதீங்க. பிரேக்கன், காட்டுப் பெரணிப் புதருக்குள்ள கைவிட்டுத் தேடிட்டு வந்தா முட்டிக்குப் பின்னாடி, இடுப்பு மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கான்னு பாருங்க, இருந்தா தோலை ஒட்டிப் பிடிச்சு மெதுவா மேல இழுங்க, நசுக்காதீங்க, எண்ணெய் தடவாதீங்க. அடுத்த சில வாரத்துல வட்டமா சிவந்து பரவினா டாக்டர்கிட்ட போங்க. டிசம்பர்ல 4 மணிக்கெல்லாம் இருட்டிடும், இன்னொரு கேஷ் 161 மீட்டர்லதான் இருக்குன்னு ஆசைப்பட்டு மேல ஏறாதீங்க, கேஷ் எங்கயும் போகாது.

நெல்லைக்காரன்

வாத்தியார் ஐயா, ஊர்சுத்தி கேட்டது வேற. எனக்கு அந்தச் சுவர்க் கதையைப் படிச்சதும் அம்மா ஞாபகம்தான்.

அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்ப மாம் டோருக்குக் கீழ இருக்குற பழைய ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அது எர்த்கேஷ், டப்பா கிடையாது, இடத்தைப் பாத்து கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பணும். மலை சரிஞ்சு சரிஞ்சு அந்த ஏ625 ரோடு உடைஞ்சுக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் மேல தார் போடுவாங்க, கடைசியில 1979ல மூடியே போட்டாங்க. இப்ப வண்டியெல்லாம் வின்னட்ஸ் பாஸ் வழிதான். நடுக்கோடு இருக்கு, ராத்திரி மின்னுற பூனைக்கண் ரிஃப்ளெக்டர் கூட இருக்கு, அப்படியே ஆள் உயரத்துக்குத் துண்டா இறங்கி நிக்குது ரோடு.

அம்மா அந்த வெட்டுல கையை வச்சு தார் அடுக்கைக் கீழ இருந்து மேல தடவிக்கிட்டே போனாங்க. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல ஜல்லி. "எத்தனை தரம் போட்டுப் பாத்திருக்கானுவ, இது நிக்காதுன்னு மலை சொல்லிக்கிட்டே இருந்திருக்கு"ன்னாங்க. அப்ப மேல இருந்து கைத்தடியோட இறங்கி வந்த ஒருத்தர் நின்னு, சின்ன வயசுல அப்பா கூட கார்ல இந்த ரோட்லதான் போனோம்னு சொன்னார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா அடுக்கைக் காட்டினாங்க, அவர் அதுல ஒரு அடுக்கைத் தொட்டுக் காட்டினார், அவங்க கார் போனது அந்த அடுக்கு மேலயாம். கேள்விக்குப் பதில் எழுத நான் எடுத்த போட்டோவுல ரெண்டு பேர் கையும் இருக்கு. டப்பா வச்சு நிலத்தைக் கிளற வேணாம், இந்த மாதிரி இடத்துக்கு எர்த்கேஷே போதும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஹரோ அக்கா

எல்லாருக்கும் நல்லவங்களா அமைஞ்சிருக்கு, சந்தோஷம். என்னோடது அப்படி இல்ல.

காட்ஸ்வோல்ட்ஸ்ல ஒரு சின்ன கிராமம், மஞ்சக் கல் வீடுங்க, ஆத்தங்கரை வாக் முடியுற இடத்துல ஊர் நோட்டீஸ் போர்டுக்குப் பின்னாடி மேக்னட் வச்ச நானோ, விரல் நுனி அளவு குட்டி கேஷ். நானும் தங்கச்சியும் தடவிட்டு இருக்கோம், எதிர் வீட்டு அம்மா ஃபோனைத் தூக்கிட்டு வீடியோ எடுத்துக்கிட்டே வர்றாங்க. என்ன பண்றீங்க, இந்த ஊரா நீங்க, போலீஸைக் கூப்பிடட்டுமான்னு. ஆப்பைக் காட்டினேன், நம்பல. நானோ கிடைச்சதும் அவங்க முன்னாடியே மூடியைத் திருகி அந்தச் சுருட்டின பேப்பரை விரல் நகத்தால இழுத்துப் பிரிச்சுக் காட்டினேன், 2016ல இருந்து தேதி தேதியா பேர் எழுதியிருக்கு. அதைப் பாத்துட்டுத்தான் உள்ள போனாங்க, சாரி இல்ல.

பக்கத்துல பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தோம். அரை மணி நேரத்துல ஒரு வெள்ளைக்கார ஜோடி வந்து அதே போர்டை அதே மாதிரி தடவுறாங்க. அதே அம்மா ஜன்னல்ல இருந்து கையை ஆட்டுறாங்க. தங்கச்சி பாதி சாண்ட்விச்சை அப்படியே மூடி வச்சுட்டா. அவ அப்புறம் கேஷிங் வரல.

போர்டு, பஸ் ஸ்டாப்பு, கடைவாசல்னு ஊருக்குள்ள கேஷ் வைக்கிறவங்க இதை யோசிக்கணும். 2011ல வெதர்பில ஒரு கஃபே வாசல்ல இருந்த கேஷை வெடிகுண்டுன்னு நினைச்சு ராணுவம் வந்து வெடிக்க வச்சது. அந்த மாதிரி சந்தேகம் எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழறது இல்ல. வாத்தியார் வந்து மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கோ, கூட ஆம்பளையைக் கூட்டிட்டுப் போன்னு சொல்லிடாதீங்க, ப்ளீஸ். நடக்கத்தான் வந்தோம்.

பழைய வாத்தியார்

சொல்லலம்மா. தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு.

மழைக்கோட்டு

அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. டெவன்வாசி சொன்னதும் சரிதான், சுவர்ல கை வைக்க உரிமை இல்ல. ஆனா ஊர்சுத்தி, கேஷை ஆர்க்கைவ் பண்ணது சரின்னு நான் இன்னும் நினைக்கல. அவரே வைக்க இடம் கேட்டிருக்கார்.

ஊர்சுத்தி

ஆமா, அதைத்தான் நானும் யோசிச்சேன். ஸ்டைலுக்கு இந்தப் பக்கமே, சுவரை விட்டு நல்லா தள்ளி, கேட் போஸ்ட்டு ஒண்ணு தனியா நிக்குது. ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன், பெரியவரைப் பாத்து அங்க வைக்கலாமான்னு கேப்பேன், சரின்னா புது கேஷா நானே பப்ளிஷ் பண்றேன், இடத்தைக் காட்டுற ஸ்பாய்லர் போட்டோவும் போட்டுடறேன், நேரா போஸ்ட்டுக்குப் போனா போதும், யாரும் எதையும் உருவ வேணாம். பழைய லாக் புக்கை ஓனர் வச்சிருக்காங்களான்னு கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன். ஹரோ அக்கா, தங்கச்சி வர்றேன்னா அந்த ஞாயித்துக்கிழமை மான்செஸ்டர்ல இருந்து காலை டிரெயின், நானும் வீட்ல அவங்களும் வர்றோம்.