தோ பாயோ குடும்பம் குழு: கார்த்தி பார்த்த டர்போ வண்டி

வியாழன், இரவு 9.10

கார்த்தி: ஒரு வண்டி பார்த்து வச்சிருக்கேன். ஹோண்டா சிவிக் 1.5 டர்போ, 2018 பதிவு, 112,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. பாலு சித்தப்பா, என்ன சொல்றீங்க?

செல்வம் மாமா: டர்போவா? வேணாம்டா. என் பழைய வண்டி டர்போ எவ்வளவு தின்னுச்சுன்னு தெரியும்ல. ஆயிரக்கணக்குல வெள்ளி.

மாலா: மாமா இந்தக் கதையைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்றார் 😂

அம்மா: 1.5ன்னா சின்ன எஞ்சின்தானே? பெட்ரோல் கம்மியாத்தானே குடிக்கும்?

கார்த்தி: ஆமாம்மா. 1,600 சிசிக்குள்ள, அதனால ஏ பிரிவு சிஓஇ, சின்ன வண்டிக்கான பத்து வருஷ உரிமச் சீட்டு.

பாலு சித்தப்பா: இல்ல தம்பி, அது பி பிரிவு. 2014 பிப்ரவரியிலேருந்து 1,600 சிசிக்குள்ள இருந்தா மட்டும் பத்தாது, எஞ்சின் சக்தியும் 97 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. இந்த டர்போ 127 கிலோவாட். அதே சிவிக்ல டர்போ இல்லாத 1.6 வந்துச்சே, அது 92. அதுதான் ஏ.

கார்த்தி: அதான் பழைய வண்டியாச்சே சித்தப்பா. சிஓஇ முதல் ஆள் கட்டிட்டான், எனக்கென்ன?

பாலு சித்தப்பா: 2028ல பத்து வருஷம் முடியுது. புதுப்பிச்சு ஓட்டணும்னா பி பிரிவோட மூணு மாச சராசரி விலையைக் கட்டணும், வண்டியை ஒப்படைச்சா திரும்பக் கிடைக்கிற பார்ஃப் பணமும் கைவிட்டுப் போயிடும். அதுவரைக்கும் ஓட்டிட்டுக் கொடுத்துடுவேன்னா பிரச்சினையில்ல. சாலை வரியில மட்டும் உனக்கு லாபம். அது சிசியைத்தான் பார்க்கும். 1,498க்கு வருஷம் 680 வெள்ளி சொச்சம், 2 லிட்டர்னா 1,200 தாண்டிடும்.

மாலா: சித்தப்பா ரிட்டயர் ஆனது பட்டறையிலேருந்தா, எல்டிஏ போக்குவரத்து ஆணையத்துலேருந்தா?

செல்வம் மாமா: பணக் கணக்கு சரி பாலு. டர்போ போயிட்டா?

பாலு சித்தப்பா: டர்போ தானா போகாது, ஆயில்தான் அதைக் கொல்லும். எக்ஸாஸ்ட் புகை சுத்திவிட, எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்துற விசிறிதான் டர்போ. உள்ள இருக்கிற தண்டு விரல் தண்டிதான். ஆனா நல்லா மிதிச்சா நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேல போகும். பெரும்பாலான வண்டியில அதுக்குப் பால் பேரிங்கே கிடையாது, ஆயில் படலத்து மேலதான் மிதந்துக்கிட்டு சுத்துது. பக்கத்துலயே எக்ஸாஸ்ட் சூடு. ஆயில் பழசாச்சுன்னா கருகிப்போய் சின்னக் குழாயில படிஞ்சிடும். அப்புறம் தண்டுக்கு ஆயில் எட்டாது. முதல்ல ஊளைச் சத்தம், அப்புறம் நீலப் புகை, கடைசியா பில்லு. நீங்க எத்தனை கிலோமீட்டருக்கு ஆயில் மாத்தினீங்க?

செல்வம் மாமா: புக்ல 15,000ன்னு போட்டிருந்தான். அதுபடிதான் மாத்தினேன்.

பாலு சித்தப்பா: அதே புக்ல இன்னொரு கட்டம் இருக்கும், கடுமையான பயன்பாடுன்னு. குட்டிக் குட்டிப் பயணம், நெரிசல்ல ஊர்றது, எப்பவும் வெயில். பிஐஇ விரைவுச்சாலையில காலையில போற பாதி வண்டி அந்தக் கட்டத்துலதான் வரும். டர்போவுக்கு என் கணக்கு 8,000 கிலோமீட்டர், இல்லன்னா ஆறு மாசம், எது முதல்ல வருதோ அது. இந்த எஞ்சின் பிடிக்கிறதே மூணரை லிட்டர் ஆயில். அதுல போய் மிச்சம் பிடிக்கிறது எனக்குப் புரியாது.

செல்வம் மாமா: அப்ப கம்பெனிக்காரன் எழுதினது பொய்யா? நான் ஒத்துக்க மாட்டேன்.

பாலு சித்தப்பா: ஒத்துக்க வேணாம். கார்த்தி மாத்தினா போதும்.

கார்த்தி: இந்த எஞ்சின்ல ஆயிலோட பெட்ரோல் கலக்குதுன்னு ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?

பாலு சித்தப்பா: உண்மைதான். சீனாவுல 2018ல அதுக்காகவே வண்டிகளைத் திருப்பி அழைச்சாங்க, அமெரிக்காவுல உத்தரவாதத்தை நீட்டினாங்க. குளிர் ஊர்லதான் அதிகம். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற எஞ்சின் இது. எஞ்சின் சூடாகலன்னா கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகாம சுவர்ல வழிஞ்சு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில்ல கலந்துடும். ஆயில் தண்ணியாகும். நம்ம ஊர் வெயிலுக்கு எஞ்சின் சீக்கிரம் சூடாயிடும், அவ்வளவு பயம் வேணாம். ஆனா நீ பொங்கோல் வீட்டுலேருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் ஓட்டிட்டு நிறுத்தறவன். அதனால மாசம் ஒரு தடவை ஆயில் குச்சியை எடுத்துப் பாரு. மேல் கோட்டுக்கு மேல ஏறியிருந்தா, மோந்தா பெட்ரோல் வாசனை அடிச்சா, கிலோமீட்டர் பார்க்காத, மாத்திடு. ஆயில் ஏறியிருக்குன்னு சந்தோஷப்படுற ஆளை நான் பார்த்திருக்கேன்.

மாலா: யாரு, மாமாவா?

செல்வம் மாமா: 😡

கார்த்தி: எந்த ஆயில்?

பாலு சித்தப்பா: 0டபிள்யூ-20, டப்பாவுல ஏபிஐ எஸ்பின்னு இருக்கணும். 2020ல வந்த தரம் அது. டர்போ எஞ்சின்ல குறைஞ்ச ஆர்பிஎம்ல அழுத்தி மிதிச்சா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே வெடிக்கும், பிஸ்டனே உடையலாம். அதை ஆயில் தடுக்குதான்னு பார்க்கிற சோதனையும் டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் அதுல உண்டு. இந்த எஞ்சின்ல பெல்ட் இல்ல, செயின்.

ராணி அத்தை: மலேசியாவுல ஜேபி போறப்ப அங்க 95 பெட்ரோல் ஊத்தலாமா? மலிவாச்சே.

பாலு சித்தப்பா: கூடாதுக்கா. வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு 2010லேருந்தே தடை. 97தான் ஊத்தணும். நம்ம பக்கம் தாண்டும்போது முக்கால் டாங்க் இருக்கணும், அதையும் மறந்துடாதீங்க. கார்த்தி, உனக்கு இங்க 95 போதும், 98 ஊத்திக் காசைக் கரைக்காத.

கார்த்தி: மலாக்கா போயிட்டு வந்தா உடனே எஞ்சினை நிறுத்தக் கூடாதுன்னு சொல்றாங்களே?

பாலு சித்தப்பா: வீட்டுக்கு வந்து மாடி கார் நிறுத்துமிடத்துல அஞ்சாவது தளம் வரைக்கும் மெதுவா ஏறுறதுலயே டர்போ ஆறிடும். நெடுஞ்சாலையில வேகமா வந்து நேரா வழியில யோங் பெங் ஊர்ல நிறுத்தறப்பதான் ஒரு நிமிஷம் ஓட விடணும்.

வெள்ளி, காலை 7.45

பாலு சித்தப்பா: ராத்திரி ஒண்ணு விட்டுப்போச்சு. நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுறதால காத்து உள்ள போற இன்டேக் வால்வு மேல பெட்ரோல் படவே படாது. பழைய எஞ்சின்ல அதுவே கழுவிடும். இதுல கரி கட்டும். 112,000 ஓடியிருக்கு, யாராவது சுத்தம் பண்ணியிருக்காங்களான்னு கேளு. வால்நட் ஓட்டுத் தூளைக் காத்தோட அடிச்சு எடுப்பாங்க. டாங்க்ல ஊத்துற பாட்டில் மருந்து அங்க போய்ச் சேராது, எவன் வித்தாலும் வாங்காத.

கார்த்தி: சர்வீஸ் புக் கேட்டேன். முதல் மூணு வருஷம் முத்திரை இருக்கு, அப்புறம் வெளிப் பட்டறை, ரசீது தேடணுமாம்.

பாலு சித்தப்பா: தேடட்டும். ரசீது இல்லன்னா விலையைக் குறை. அதோட சிவிடி கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்தினாங்க, ஸ்பார்க் பிளக் எப்பன்னு கேளு.

அம்மா: என்ன கலர்டா?

கார்த்தி: வெள்ளைம்மா. சித்தப்பா, வெளியில கொண்டுபோய்ச் சோதிக்கணும்னா முன்பணம் கட்டணுமாம்.

பாலு சித்தப்பா: கட்டாத. சோதிச்ச பிறகுதான் பணம்னு சொல்லு. ஒத்துக்கலன்னா வேற வண்டி பார்ப்போம், ஊர்ல இந்த ஒரு சிவிக்கா இருக்கு?

வெள்ளி, மாலை 6.20

கார்த்தி: ஒத்துக்கிட்டான். முன்பணம் இல்ல. நாளைக்குக் காலையில 10 மணி, சின் மிங் பட்டறைப் பக்கம். நீங்களும் வரீங்களா?

செல்வம் மாமா: நானும் வரேன். யாராவது எதிர்த்துப் பேசணும்ல.

பாலு சித்தப்பா: வாங்க. கார்த்தி, அவன்கிட்ட ஒண்ணு சொல்லிடு. இன்னைக்கு ராத்திரியிலேருந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஆறின எஞ்சின்லதான் செயின் சத்தமும் நீலப் புகையும் தெரியும். நான் பானெட்டைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் சாவி வாங்குவேன்.

கார்த்தி: சொல்லிட்டேன். "ஏன், பட்டறைக்காரரா கூட வர்றார்?"னு கேக்கறான்.