மறு: மோவருக்கு என்ன சொல்? புல்லரிப்பான், புல்வெட்டி, புல்சீவி

வணக்கம்.

புல் வெட்டும் இயந்திரமான மோவருக்குத் தமிழ்ச்சொல் தேடித் திங்கட்கிழமை நம் மடற்குழுவில் தொடங்கிய இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். நாற்பது மடலுக்கு மேல் ஓடிவிட்டது. சில்க் போர்டு சந்திப்பில் பேருந்து நின்ற நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன் என்றால் பெங்களூருக்காரர்களுக்குப் புரியும்.

> 'மோ' என்பது அரிதல். எனவே புல் + அரி = புல்லரி. கருவிக்கு 'புல்லரிப்பான்' எனலாம்.

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பகுதி, விகுதி எல்லாம் சரிதான். ஆனால் கடையில் போய் "ஒரு புல்லரிப்பான் வேண்டும்" என்று கேட்டால் கடைக்காரருக்குத்தான் புல்லரிக்கும். ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் சொல்லை இழுத்துவந்து இங்கே வேலை வாங்குவது கஷ்டம்.

> புல்வெட்டி போதுமே. மண்வெட்டி இருக்கிறதே.

இது எனக்கும் பிடித்திருந்தது, ஒரு காலத்தில். இந்த ஒற்றைச் சொல்லை நம்பி நான் 18,000 ரூபாய் இழந்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லாமல் என் கருத்தைச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. 190 சென்ட். எல்லைக்கு இந்தப்புறம், கர்நாடகத்தில் இருந்திருந்தால் 76 குண்டே என்று பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். பாதியில் மாங்கன்று, மீதி சும்மா கிடக்கிறது. மழை பெய்து ஒரு மாதம் போகாமல் விட்டால் முழங்கால் உயரப் புல், ஓரமெல்லாம் உண்ணிச்செடி, நடுவில் பார்த்தீனியம். (பார்த்தீனியத்துக்குக் கன்னடத்தில் 'காங்கிரஸ் கிட' என்று பெயர். கலைச்சொல் ஆக்கத்தில் மக்கள் நம்மைவிடத் தைரியசாலிகள்.)

சிட்டி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் நுழைந்து, "ஹுல்லு கட் மாடோ மிஷின் பேக்கு" என்றேன். நம் 'புல்' அங்கே 'ஹுல்லு', பால் 'ஹாலு' ஆவது போல. அவர் நான் கேட்டதையே கொடுத்தார்: நான்கு சக்கரம், கீழே ஒரு தகரக் கூடு, கூட்டுக்குள் சுழலும் கத்தி, தள்ளிக்கொண்டு நடக்கக் கைப்பிடி. அவர்மேல் தப்பே இல்லை. 'புல் வெட்டும் மிஷின்' என்பதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, திருப்பிக் கேட்க அவருக்கும் இல்லை.

முழங்கால் உயரப் புல்லில் இரண்டு தடவை எஞ்சின் திணறி நின்றது. கூட்டுக்குள் புல் அடைத்துக்கொண்டால் கத்தி சுற்றுமா? மூன்றாவது வரிசையில் 'டங்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. எவ்வளவு கயிறு இழுத்தும் கிளம்பவில்லை. ஓசூரில் மெக்கானிக் பிரித்துக் காட்டினார். கத்தி வளைந்திருந்தது. ஃப்ளைவீலையும் கிராங்க் தண்டையும் பொருத்தி வைக்கும் விரல்நுனி அளவுச் சாவி ஒன்று பாதியாக அறுந்திருந்தது. அதை மென்மையான உலோகத்தில்தான் செய்கிறார்களாம். கல்லில் அடி விழுந்தால் அது அறுந்து கிராங்கைக் காப்பாற்றும். ஆனால் ஃப்ளைவீல் இம்மி நகர்ந்தால் தீப்பொறி வரவேண்டிய நேரம் தப்பிவிடும், எஞ்சின் கிளம்பாது.

இப்போதுதான் சொல்லுக்கு வருகிறேன். கயிற்றை இழுத்து இழுத்து நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நிலத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "என்னப்பா, புல்லு சீவுற மிஷினை எடுத்தாந்து பொதரை வெட்டறயே?"

நாம் நாற்பது மடலில் பிரிக்காததை அவர் ஒரு மூச்சில் பிரித்துவிட்டார். சீவுவது வேறு, வெட்டுவது வேறு. அவர் கையில் நடந்துகொண்டிருந்தது மூன்றாவது: இடக்கை ஒரு பிடி புல்லைச் சேர்த்துப் பிடிக்கிறது, வலக்கைக் கருக்கரிவாள் அடியில் போய்த் தன் பக்கம் இழுபடுகிறது, பல் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. அது அரிதல். பிடி இல்லாமல் அரிய முடியாது. வெட்டுவதற்குப் பிடி வேண்டாம், வீச்சு வேண்டும். தனியாக நிற்கும் புல்லுக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லை. மெதுவாக மோதினால் சாய்ந்துகொள்ளும். அது சாய்வதற்குள் கத்தி கடந்துபோக வேண்டும். நீண்ட தண்டின் நுனியில் தகடு சுழலும், தோளில் மாட்டும் பிரஷ் கட்டரில் 10 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், விளிம்பின் வேகம் மணிக்கு 335 கிலோமீட்டர் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கல் தெறிப்பதும் கண்ணாடி, பூட்ஸ் இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்பதும் இதனால்தான்.

கத்தரித்தல் நான்காவது. முதல் புல்வெளி இயந்திரமே கத்தரிதான். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல் நிற்கும் பிசிறை மட்டமாக நறுக்க ஆலையில் இருந்த உருளையைப் பார்த்து, அதையே புல்லுக்குக் கொண்டுவந்தார். சுழலும் உருளைக் கத்தி புல்லை இழுத்துவந்து, கீழே அசையாமல் இருக்கும் தகட்டோடு சேர்த்து நறுக்கும். கோல்ஃப் மைதானத்தில் இன்றும் இதுதான். நம் நிலத்தில் ஒரு கூழாங்கல் போதும், அது ஊமையாகிவிடும்.

ஆங்கிலத்தில் இவை அத்தனைக்கும் மோவர் என்று ஒரு குடைச்சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒரு குடைக்கு அலைகிறோம். வாங்கப் போகிறவனுக்குக் குடை பயன்படாது. என் நிலம் எப்படி, எனக்கு எந்த வேலை நடக்க வேண்டும் என்பதை அவன் சொல்ல வேண்டும். சமதளம், கல் பொறுக்கிய மண், வாரம் ஒருமுறை ஆள் நடமாட்டம் என்றால் சக்கர மிஷின் நன்றாகவே ஓடும். அதில் வெட்டும் உயரத்தையும் மாற்றி வைக்கலாம். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பார்கள். அந்த வேலைக்குப் பெயர் சீவுதல்தான், இளநீர்த் தலையைச் சீவுவது போல. ஆகவே அது புல்சீவி. (இழையில் யாரோ சொன்ன 'மழிப்பான்' ஒத்துவராது. மழித்தால் ஒன்றும் மிஞ்சாது, இதில் மிஞ்சுவதுதான் முக்கியம்.)

மேடு பள்ளம், கல், புதர், மாதம் ஒருமுறைதான் போக முடியும் என்றால் பிரஷ் கட்டர். அதற்கு புதர்வெட்டி. கடைசியில் நான் வாங்கியது இதுதான். ஒரு நாளில் அரை ஏக்கருக்கு மேல் என் தோள் தாங்காது என்பது தனி விஷயம். டூ ஸ்ட்ரோக் வாங்கினால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். என்னுடையதில் 40க்கு 1, லிட்டருக்கு 25 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, எடை கொஞ்சம் கூடும். சிலர் இதைக் 'களையெடுக்கும் மிஷின்' என்று விற்கிறார்கள். எடுப்பது என்றால் வேரோடு. இது வேரைத் தொடாது. மண்ணைக் கிளறி வேரைப் புரட்டுவது பவர் வீடர். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் என்னைப் போல இன்னொருவர் ஏமாறுவார். சரிவு நிலத்தில் வேர் மண்ணைப் பிடித்திருப்பதே நல்லது என்பதால் இது வெறும் சொல் தகராறும் இல்லை.

மாட்டுத் தீவனத்துக்கு நீளமாக, நசுங்காமல் புல் வேண்டுமா? அதற்கு முன்பக்கம் பல்வரிசை போல ஒரு பட்டை, அதில் கத்திகள் இடம் வலமாக ஓடும் மிஷின் இருக்கிறது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகமான ஜி.கே.வி.கே.யில் நடக்கும் கிருஷி மேளாவில் (வேளாண் கண்காட்சி) ஒருமுறை பார்த்தேன். சீப்பு புல்லைப் பிடித்துக்கொடுக்க, கத்தி நறுக்குகிறது. சீப்பரிவாள் என்று வைக்கலாமா? உட்கார்ந்து ஓட்டும் மோவரைப் பற்றி நான்கு மடல்கள் பார்த்தேன். இரண்டு ஏக்கர் கரட்டு நிலத்துக்கு அது பொம்மை கார், விட்டுவிடலாம்.

– ராமமூர்த்தி நகர்

———

தம்பிக்கு,

மடல் நன்றாக இருந்தது. சீவுதல், வெட்டுதல், அரிதல் என்று பிரித்தது சரி. ஆனால் நீங்கள் சொல்லும் அளவுக்குத் தமிழ் கறாரானது இல்லை. பாக்குவெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெட்டுகிறதா? இரண்டு அலகு சேர்ந்து நறுக்குகிறது, உங்கள் கணக்கில் கத்தரி. நகவெட்டியும் அப்படித்தான். 'வெட்டி' பொதுப் பெயராகவே நெடுநாளாக இருந்துவருகிறது.

அடுத்தது, புல்சீவி. என் காதில் அது சிரஞ்சீவி மாதிரி விழுகிறது. புல்லைத் தின்று சீவிப்பது புல்சீவி. எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் முன்பு நிறைய நின்றுகொண்டிருக்கும், நாலு கால், இரண்டு கொம்பு.

இன்னொன்று கேட்க நினைத்தேன். பிரஷ் கட்டரில் தகட்டுக்குப் பதில் நைலான் இழை போடுவார்களே, அதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? என் மாமியார் வீடு கடலோரம். வலைக்குப் போடும் அந்த நைலான் நரம்பை அங்கே தங்கூசி என்பார்கள்.

– அல்சூர்

———

அக்கா,

தங்கூசிக்கு ஒரு கும்பிடு. நான் 'நைலான் கம்பி' என்று எழுதி வைத்திருந்தேன், அடித்துவிட்டேன். தகடு போட்டால் தகட்டுத் தலை, இழை போட்டால் தங்கூசித் தலை. கல் நிறைந்த இடத்தில் தங்கூசிதான் நல்லது, தேய்ந்தால் தலையைத் தட்டி நீட்டிக்கொள்ளலாம். ஆனால் கன்றுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக்கூடாது. போன ஆடியில் ஒரு மாங்கன்றின் தண்டைச் சுற்றி விரலகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டேன். பச்சையாகவே நின்றது, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் காய்ந்தது. இப்போது ஒவ்வொரு கன்றுக்கும் பிவிசி குழாயைப் பிளந்து சட்டை போட்டிருக்கிறேன்.

பாக்குவெட்டிக்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் புல்வெட்டி பொதுச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும். வகையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் புதர்வெட்டி, சீப்பரிவாள். சக்கர மிஷினுக்குப் புல்சீவியை விட மனம் வரவில்லை. பிள்ளைகள் பென்சில் சீவி என்று சொல்லும்போது யாருக்கும் சிரஞ்சீவி நினைவுக்கு வருவதில்லையே? நீங்கள் மாட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதால் இனி எனக்கும் அதுதான் தெரியும் என்று பயமாக இருக்கிறது.

மாடு என்றதும் ஒன்று. ஆளில்லாமல் தானே திரிந்து புல்லைக் கொறிக்கும் ரோபோ மோவர் 1995இலேயே ஸ்வீடனிலிருந்து விற்பனைக்கு வந்துவிட்டது. ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் முதல் மாதிரி சூரிய ஒளியில் ஓடியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, வெட்டியது தெரியாமல் வெட்டும். வேண்டுமானால் அதற்குப் புல்சீவியைக் கொடுத்துவிடலாம், இரண்டு பொருளும் பொருந்தும். இல்லாவிட்டால் 'மேய்வி'.

ஃப்ளெய்ல் மோவர்தான் பாக்கி. கிடையாகச் சுற்றும் தண்டில் சின்னச் சின்னக் கத்திகள் தொங்கும், கல்லில் பட்டால் மடங்கிக்கொண்டு பின்வாங்கும், புல்லையும் குச்சியையும் அடித்துத் தூளாக்கும். சாட்டையா, சுத்தியா, உலக்கையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குப் போகிறேன். போனில் அந்த வீடியோவைப் பக்கத்து நிலத்து அம்மாவிடம் காட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுகிறேன். அதுவரை அதை யாரும் அகராதியில் ஏற்றிவிடாதீர்கள்.

– ராமமூர்த்தி நகர்