ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு இரண்டு அங்குல சைலன்சர் பைப்: டார்க் (இழுவைத் திறன்) கூடுமா, குறையுமா?

செக்காலை ஸ்விஃப்ட்:
வண்டி 1.2 பெட்ரோல். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. "எப்படியும் கழற்றப் போகிறோம், கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் டப்பா) பின்னால் இருக்கிற ஒன்றரை அங்குல பைப்பை எடுத்துவிட்டு இரண்டு அங்குலம் போட்டுவிடலாம், பிய்த்துக்கொண்டு போகும்" என்கிறார் எங்கள் மெக்கானிக் அண்ணன். எனக்கு ரேஸ் எல்லாம் வேண்டாம். நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, திருமயம் ரோட்டில் லாரியை முந்தும்போது கியர் குறைக்காமல் இழுத்தால் போதும். போடலாமா?

தேவகோட்டை டீசல்:
தாராளமாகப் போடு தம்பி. எரிந்த வாயுவைத் தள்ளி வெளியேற்ற பிஸ்டன் செலவழிக்கிற சக்தி அத்தனையும் தண்டம். வழியை அகலமாக்கினால் அது மிச்சம். என் டீசலில் டர்போவுக்கு (புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கும் கருவி) பின்னால் பெரிய பைப் போட்டேன், இப்போது டர்போ சீக்கிரமே பிடிக்கிறது. 'பேக் பிரஷர், அதாவது பைப்பில் வாயுவுக்கு எதிர் அழுத்தம், இருந்தால்தான் டார்க்' என்று யாராவது வருவார்கள், காதில் வாங்காதே.

கோட்டையூர் அம்பாசிடர்:
வந்துவிட்டேன், ஆனால் அதைச் சொல்ல இல்லை. எதிர் அழுத்தத்தால் எந்த என்ஜினுக்கும் நன்மை கிடையாது. வேண்டியது வாயுவின் வேகம். எக்ஸாஸ்ட் வால்வ் மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வ் திறந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில், வேகமாக ஓடுகிற வாயு தன் பின்னால் மிச்சம் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் புதுக் கலவை முழுசாக உள்ளே வரும்.

நம் ஊர் வீட்டில் முகப்பு முதல் பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால் நிலைப்படியில் காற்று விறுவிறுவென்று போகும், அகலமான பட்டாலைக் கூடத்தில் அது தெரியாது. அதே கதைதான். ஒன்றரையை இரண்டு ஆக்கினால் குறுக்குப் பரப்பு சுமார் 1.8 மடங்கு. அதே வாயு பாதிக்குச் சற்று மேலான வேகத்தில்தான் போகும். 6000 ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) அது பரவாயில்லை. தம்பி கேட்பது 2000-ல் இழுவை.

தேவகோட்டை டீசல்:
அப்புறம் என் வண்டி எப்படி இழுக்கிறது?

கோட்டையூர் அம்பாசிடர்:
உங்களுடையது டர்போ, அண்ணே. டர்பைனுக்கு (டர்போவில் புகை சுழற்றும் சக்கரம்) முன்னால் இருக்கிற அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதைச் சுற்றுகிறது. பின்னால் எவ்வளவு தாராளமோ அவ்வளவு லாபம். அதை வைத்து டர்போ இல்லாத பெட்ரோலுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது.

பட்டறைக்காரன்:
ரெண்டு பேரும் வண்டியின் எந்த இடத்தைப் பேசுகிறீர்கள் என்று சொல்லவே இல்லை. அம்பாசிடர் அண்ணன் சொன்ன இழுப்பு முக்கியமாக நடப்பது மேனிஃபோல்டில், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக வரும் குழாய்கள் ஒன்று சேரும் இடம் வரை. வால்வ் திறந்ததும் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. சூடான வாயுவில் அது நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். குழாய் விரிகிற இடத்தைத் தொட்டதும் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். வால்வ் மூடுவதற்குள் வந்து சேர்ந்தால் லாபம். குறைந்த ஆர்பிஎம்மில் அது நடக்க அந்தக் குழாய்கள் நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்க வேண்டும்.

இப்போதைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்ளே தேன்கூடு போல இருக்கிற சின்னச் சின்னத் துளைகளைத் தாண்டும்போதே அலை பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பின்னால் ஒன்றரையோ, ஒன்றே முக்காலோ, இரண்டோ, 2000 ஆர்பிஎம்மில் பெரிசாக ஒன்றும் மாறாது. ஏறாது, இறங்கவும் இறங்காது. மேலே 5000 தாண்டினால் துளி தெரியலாம்.

இன்னொன்று. பின் ஆக்ஸிலுக்கு மேலே பைப் ஏறி இறங்குகிற வளைவைப் பாருங்கள். சாதாரண பிரஸ்ஸில் வளைத்தால் உள்பக்கம் நசுங்கி மடிப்பு விழும். இரண்டு அங்குலம் என்று காசு வாங்குவார்கள், வளைவில் ஒன்றே முக்கால்கூட இருக்காது. மணல் கெட்டித்துச் சூடுகாட்டி வளைத்தால் ஓரளவு வட்டம் நிற்கும், அதற்குப் பொறுமை உள்ள ஆள் வேண்டும்.

கோட்டையூர் அம்பாசிடர்:
மேனிஃபோல்டு விஷயம் சரி. ஆனால் 'ஒன்றும் மாறாது' என்பதை ஏற்க மாட்டேன். என் அம்பாசிடரில், 1489 சிசி, கன்வெர்ட்டரே கிடையாது. நடு இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஹெட்டில் ஒரே எக்ஸாஸ்ட் வாய். அதில் கொழுத்த பைப் போட்டதும் கீழே இழுவை செத்தது, பழைய அளவுக்கு மாற்றிய பிறகுதான் உயிர் வந்தது.

பட்டறைக்காரன்:
கன்வெர்ட்டர் இல்லாத வண்டியில் மேனிஃபோல்டிலிருந்து சைலன்சர் வரை பைப் ஒரே ஓட்டம். அங்கே அளவு பேசும். ஸ்விஃப்ட்டில் அப்படி இல்லை.

கானாடுகாத்தான் ஆச்சி:
இழுவையை விடுங்கப்பா, சத்தத்தை யார் கேட்பது? எங்கள் தெருவில் ஒருவன் இப்படி மாற்றிவிட்டு விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணுகிறான். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இடம் தராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. கன்வெர்ட்டரில் கை வைத்தால் பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் செக் என்ஜின் விளக்கைப் போட்டுவிடும். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

செக்காலை ஸ்விஃப்ட்:
சரி ஆச்சி, கம்பெனி அளவு சைலன்சரே போடுகிறேன். ஆனால் லாரியை முந்தும்போது இழுக்கவில்லையே, அதற்கு?

பட்டறைக்காரன்:
ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் பாருங்கள். ஐந்தாவது கியரில் 60-ல் போகும்போது என்ஜின் 2000-ஐத் தொட்டிருக்காது, இந்த என்ஜினின் உச்ச டார்க் 4000-ஐ ஒட்டித்தான். மூன்றாவதுக்கு இறக்குங்கள். பிடிவாதமாகப் பைப்தான் என்றால், மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை மீட்டரை போனில் வீடியோ எடுத்துவிட்டு, மாற்றிய பிறகு அதே ரோட்டில் அதே ஆட்களோடு இன்னொன்று எடுங்கள்.

தேவகோட்டை டீசல்:
எடுக்கட்டும். ஏசியை ஒரு தடவை போட்டு ஒரு தடவை அணைத்து எடுத்துவிட்டு என்னிடம் வரக் கூடாது. இரண்டு அங்குலம் தோற்றால் நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த மடிப்பு விழுந்த பைப்பை வைத்து இல்லை.